கிரகணத்தன்று கேரட் நறுக்கியவள்

வட்டக்கானல்
24 ஆகஸ்ட் 1980

சாமியண்ணனுக்கு ராணி எழுதுவது.

பிள்ளை பிறந்துவிட்டது. ஆண். தாய்மாமனுக்குத் தந்தியடித்துச் சொல்ல வேண்டிய விஷயம். யாரும் அடிக்கவில்லை. ஏன் அடிக்கவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். படுத்துக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எப்படி எழுதினாலும் உங்கள் கையெழுத்தைவிட மோசமாக இருக்காது.

பிள்ளைக்கு மேலுதடு மூக்குவரை பிளந்திருக்கிறது. உள்ளே அண்ணமும் திறந்து கிடக்கிறது. மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணித் தைச்சிரலாம்மா. ஆனா பிள்ளை எடை கூடணும். அதுவரைக்கும் சளி பிடிக்காமப் பாத்துக்கங்க" என்றார்கள். அவனால் பால் உறிஞ்ச முடியவில்லை. உறிஞ்சினால் மூக்கு வழியாக வந்துவிடுகிறது. பீய்ச்சிப் பாலாடையில் ஊற்றி, அவனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறேன். ஒரு வேளைப் பாலுக்கும் அடுத்த வேளைப் பாலுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை.

கிரகணத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அப்போது எங்கள் ஊருக்கு நீங்கள்தான் பங்குச் சாமி. பிப்ரவரியில் முந்தின ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில், "கிரகணம்னா நிழல், அவ்வளவுதான். வானத்துல நடக்கிறதுக்கும் கடவுள் கோபத்துக்கும் சம்பந்தம் கிடையாது. கர்ப்பிணிகளும் தைரியமா வெளிய வாங்க" என்றீர்கள். யார் நம்பினார்கள்? கிரகணத்தன்று மதியம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டது. பக்கத்து வீட்டுப் பொன்னுத்தாய் என்னைப் போலவே மாசமாக இருந்தாள். ஜன்னலுக்குச் சாக்குக் கட்டிவிட்டு உள்ளே படுத்துவிட்டாள். நீங்கள் என் வீட்டுக்கு வந்து, "ராணி, சாமியோட தங்கச்சியே பயந்தா மத்தவங்க எப்படி வருவாங்க" என்று கூட்டிப்போய், கோவில் வாசலில் அரிவாள்மணை போட்டு உட்கார வைத்தீர்கள். சூரியன் முக்கால்வாசி கறுத்து நின்றபோது நான் கேரட் நறுக்கினேன். ஊர் ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தது. நீங்கள் ஒரு துண்டை எடுத்துக் கடித்துச் சிரித்தீர்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

பொன்னுத்தாய்க்கு முழுசாக ஒரு பெண் பிறந்திருக்கிறது. ஊருக்கு வேறென்ன வேண்டும்?

என் மாமியார் உபகாரம் அத்தையை உங்களுக்குத் தெரியும். செபமாலை கையை விட்டு இறங்காது. அவர் கத்தவில்லை, வையவில்லை. பிள்ளையை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது சர்வேசுரன் குடுத்த சிலுவைன்னா நான் சுமக்கேன் தாயி. கிரகணம் குடுத்ததுன்னா அது என் வீட்டுக்குள்ள வரக்கூடாது. எதுன்னு உங்க அண்ணன் சாமியே சொல்லட்டும்." நீங்கள் சொல்லும்வரை நானும் பிள்ளையும் வீட்டுக்குப் பின்னால் விறகுக் கொட்டகையில் கிடக்கிறோம். இவர் தாயை மீறிப் பேசும் ஆள் இல்லை. தட்டியைச் சுற்றிச் சாக்கு அடித்துக் கொடுத்தார். ஒரு கணப்புச் சட்டி கொண்டுவந்து வைத்தார். சாரல் விட்டபாடில்லை.

அண்ணே, ஒரே வரி போதும். 'இது சர்வேசுரன் சித்தம்' என்று எழுதி அனுப்புங்கள். பிள்ளையை அடுப்புச் சூட்டுக்குக் கொண்டுபோய்விடுவேன்.

உங்கள் தங்கை
சகாயராணி

*

பாலசமுத்திரம்
30 ஆகஸ்ட் 1980

அன்புத் தங்கை ராணிக்கு,

உன் கடிதம் வந்தபோது ஞானோபதேச வகுப்பில் இருந்தேன். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் படித்தேன். பிறகு கோவிலுக்குள் போய் உட்கார்ந்தேன். செபம் வரவில்லை. உன்னை அந்த அரிவாள்மணையில் உட்கார வைத்தவன் நான். அந்தப் படம் கண்ணை விட்டுப் போக மறுக்கிறது.

ஆனாலும் ராணி, கேரட் நறுக்கியதால் உதடு பிளக்காது. சும்மா சொல்லவில்லை, திண்டுக்கல் போய் ஒரு டாக்டரைக் கேட்டுவிட்டு வந்துதான் எழுதுகிறேன். கருவில் பிள்ளையின் உதடு இரண்டாம் மாதம் முடிவதற்குள் கூடிவிட வேண்டுமாம். கிரகணத்தன்று உனக்கு நாலாம் மாதம். அதாவது, நீ கோவில் வாசலில் வந்து உட்காருவதற்கு முன்பே அது நடந்து முடிந்துவிட்டது. சூரியனும் சந்திரனும் நீயும் நானும் ஒன்றும் செய்யவில்லை. இதை அத்தையிடமும் மாப்பிள்ளை சிலுவைராஜிடமும் நிதானமாக வாசித்துக் காட்டு. அவர்கள் நல்லவர்கள், புரிந்துகொள்வார்கள்.

நீ கேட்ட வரியை மட்டும் என்னால் எழுத முடியாது. கோபித்துக்கொள்ளாதே. 'இது கடவுள் சித்தம்' என்றால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பார். உன் வயிற்றுக்குள் விரலை விட்டு, சேரவிருந்த உதட்டைச் சேரவிடாமல் அவர் பிடித்துக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். அப்படிப்பட்ட ஒருவருக்கு நான் தினமும் காலையில் பூசை வைக்க முடியாது. வேறு எது வேண்டுமானாலும் கேள்.

மேலே காய்கறி ஏற்ற வரும் லாரியில் ஒரு கம்பளியும் இரண்டு பால் மாவு டின்னும் அனுப்பியிருக்கிறேன். பிள்ளைக்கு என்ன பெயர் வைக்கப்போகிறாய்?

அன்புடன்
மரியசூசை

*

வட்டக்கானல்
9 செப்டம்பர் 1980

சாமியண்ணனுக்கு,

கம்பளி வந்தது. டின்னும் வந்தது. உங்கள் கடிதமும் வந்தது. மூன்றில் கம்பளிக்குத்தான் நன்றி.

நீங்கள் சொன்னபடியே வாசித்துக் காட்டினேன். அத்தை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "கிரகணத்துக்கு முந்தியே ஆயிப்போச்சாக்கும். அப்ப யாரு செஞ்சது?" என்றார். யாரும் செய்யவில்லை, தானாக நடந்தது என்றேன். "தானா நடக்குமா? எல்லாம் தானாவே நடக்கும்னா நான் எதுக்கு வெள்ளனே எந்திரிச்சு முழங்கால் போடுதேன்?" என்றார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "ரெண்டாம் மாசத்துல நீ என்ன செஞ்ச?"

பார்த்தீர்களா? கிரகணம் இருந்தவரை குற்றத்தில் பாதியாவது வானத்தில் இருந்தது. நீங்கள் டாக்டரைக் கேட்டு அதையும் இறக்கி என் மடியில் போட்டுவிட்டீர்கள். டிசம்பர் மாதம் நான் எங்கே போனேன், எதைத் தாண்டினேன், எதைத் தின்றேன், யாரைப் பார்த்துச் சிரித்தேன் என்று இப்போது கேட்கிறார்கள். இவரும் கேட்கிறார். இதுவரை கேட்காதவர்.

ஞானஸ்நானத்துக்கு ஞானத்தாய், ஞானத்தகப்பன் கிடைக்கவில்லை. கேட்ட வீட்டிலெல்லாம் சோலி கெடக்கு, பெறகு பாப்போம் என்கிறார்கள். சர்ச்சுப் பக்கமே வராத பொன்னுத்தாய்தான் தன் ஆட்டுப் பாலைச் சூடாகக் கொண்டுவந்து தருகிறாள். "கிரகணம் ஒன்னையத்தான் புடிச்சுது, எம் ஆட்டுப் பாலையுமா புடிச்சுப்புடும்?" என்கிறாள். அவளும் நம்புகிறாள் அண்ணே. நம்பிக்கொண்டேதான் பால் தருகிறாள்.

நான் எட்டாவதோடு நின்றவள். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். மழையை அவர் அனுப்பவில்லை. கிரகணத்தை அவர் காட்டவில்லை. வயிற்றில் பிள்ளையை அவர் வனையவில்லை. அப்படியானால் அவருக்கு எங்கள் வீட்டில் என்ன சோலி? எதற்காக ஞாயிற்றுக்கிழமை சேலை மாற்றிக்கொண்டு அவரைப் பார்க்க வரவேண்டும்? வேலை செய்யாத ஆளைத் தோட்டத்தில்கூட யாரும் வைத்துக்கொள்வதில்லை.

உங்களுக்கு அது ஒரு வரி. எனக்கு ஒரு கூரை.

ராணி

*

பாலசமுத்திரம்
17 செப்டம்பர் 1980

அன்புள்ள ராணி,

நீ கேட்ட கேள்வியை எங்கள் குருமடத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் கேட்டார்கள். உன்னைப் போல நேராகக் கேட்கவில்லை.

அங்கே எங்களுக்கு ஒரு வகுப்பு இருந்தது. பழைய காலத்தில் பூமி அசையாமல் நடுவில் நின்றதாம். அதைச் சுற்றி வெங்காயத் தோல் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக வானங்கள். ஒவ்வொரு வானத்தையும் ஒரு சம்மனசு, அதாவது ஒரு தேவதூதர், சுழற்றிக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் வெளியே கடவுள் குடியிருந்தார். அந்த உலகத்தில் வால் நட்சத்திரம் வந்தால் அவர் எச்சரிக்கிறார், கிரகணம் பிடித்தால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பூமிதான் சுற்றுகிறது என்று கண்டுபிடித்தார்கள், சம்மனசுகளுக்கு வேலை போயிற்று. கோள்கள் ஒன்றையொன்று இழுக்கின்றன என்று கணக்குப் போட்ட நியூட்டனே, போகப்போகப் பாதை பிசகும், கடவுள் அவ்வப்போது கைவைத்துச் சரிசெய்வார் என்றுதான் நினைத்தார். பின்னால் வந்தவர்கள் கணக்கை இன்னும் திருத்தமாகப் போட்டு, கைவைக்கத் தேவையே இல்லை என்றார்கள். இப்படி அறை அறையாக அவரைக் காலி செய்யச் சொன்னார்கள்.

அந்த வகுப்பில் மற்றவர்கள் முகம் வாடி உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருவன்தான் சந்தோஷப்பட்டேன். ஏனென்றால் ஒவ்வொரு வேலை போகும்போதும் அவர் மேலிருந்த ஒரு பழியும் சேர்ந்து போயிற்று.

அப்பா செத்தபோது நீ கைக்குழந்தை. காற்று மழையில் சாய்ந்த சவுக்கு மரம் அவர் மேல் விழுந்தது. அடக்கத்துக்கு வந்த சாமியார், இது தேவ சித்தம் என்றார். அம்மா அதற்குப் பிறகு கடைசிவரை கையெடுத்து நெற்றியில் சிலுவை போடவில்லை. நான் போட்டேன், ஆனால் உள்ளுக்குள் அவரைக் கொலைகாரன் என்று சொல்லிக்கொண்டே போட்டேன். அந்த மரத்தை அவர் தள்ளவில்லை என்று எனக்குத் தெரிந்தது அந்த வகுப்பில்தான். அவரும் நம் வாசலில் நின்று அழுதிருப்பார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. அவருக்கு என்ன சோலி என்றாயே, அதுதான் அவருடைய சோலி. கூட நிற்பது. எனக்கு அந்தக் கடவுள் போதும். அவரை விட்டுக்கொடுத்தால் பீடத்தில் நிற்க எனக்குக் காலில்லை.

ஞானஸ்நானத்துக்கு நான் வருகிறேன். ஞானத்தகப்பனாக நானே நிற்கிறேன். உங்கள் புதுச் சாமிக்கு எழுதிவிட்டேன், இந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு. அத்தையிடம் நேரில் பேசுகிறேன். எதிரெதிரே உட்கார்ந்து பேசினால் எல்லாம் சரியாகும்.

மரியசூசை

*

வட்டக்கானல்
1 அக்டோபர் 1980

வணக்கத்துக்குரிய மரியசூசை சுவாமி அவர்களுக்கு,

ஞானஸ்நானத்துக்கு வந்து, என் மகனுக்கு அருள்மணி என்று பெயர் சொல்லி, தலையில் தண்ணீர் விழும்போது அவனைப் பிடித்துக்கொண்டதற்கு நன்றி. அவன் உங்கள் கையில் அழவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், நான் நியாயமானவள்.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை. ஆனாலும் எழுதுகிறேன். இங்கே நான் யாரிடம் சொல்வது?

கோவில் வாசலில் அத்தை எல்லார் முன்னிலும் உங்கள் காலில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை. கீழே கிடந்தபடியே கேட்டார்: "சாமி, நான் படிக்காதவ. எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது சர்வேசுரன் சித்தமா, இல்லையா?" அவர் என்ன கேட்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பிள்ளையை ஏந்திக்கொள்ளத்தான் கேட்டார். கை நீட்டித் தயாராக இருந்தார், நான் பார்த்தேன். நீங்கள் வானத்தைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நான் கண்ணாலேயே கெஞ்சினேன்.

"இல்லம்மா. இது யாரு சித்தமும் இல்ல" என்றீர்கள்.

அத்தை எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு வீட்டுக்கு நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. இவர் பின்னாலேயே போனார். புதுச் சாமி உங்கள் தோளைத் தொட்டு, "கொஞ்சம் வளைஞ்சு குடுத்திருக்கலாமே ஃபாதர்" என்று சொன்னது எனக்கும் கேட்டது. நீங்கள் பஸ்ஸுக்குப் போனீர்கள். நான் கொட்டகைக்குப் போனேன்.

உங்கள் மாப்பிள்ளை சொல்லச் சொன்னார், இனிமேல் இந்த வாசலுக்கு நீங்கள் வர வேண்டாம். இதுவரை நானாக எதுவும் சேர்க்கவில்லை. என்னுடையது ஒன்று: எத்தனையோ சாவு வீட்டில், செத்தவன் நல்லவன் என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு பச்சைப் பிள்ளைக்காக வாய் வரவில்லையே.

சகாயராணி

*

பாலசமுத்திரம்
10 அக்டோபர் 1980

ராணி,

சுவாமி என்று எழுதியிருக்கிறாய். சரி.

இந்தக் கடிதத்தை மூன்று தடவை ஆரம்பித்துக் கிழித்தேன். என் பக்கத்து நியாயத்தை எழுதினால் பிரசங்கம் மாதிரி இருக்கிறது. மன்னிப்புக் கேட்டால், எதற்கு என்று கேட்பாய். பொய் சொல்லாததற்கா?

அன்றைக்கு அத்தை தரையில் கிடந்து கேட்டபோது அந்த வார்த்தை என் நாக்கு நுனிவரை வந்தது. பிள்ளை என் கையில் இருந்தான். கீழே குனிந்து அவன் வாயைப் பார்த்தேன். அந்த வாயைப் பார்த்துக்கொண்டே 'இதை அவர் செய்தார்' என்று எப்படிச் சொல்வேன்? பஸ்ஸில் இறங்கும்போது பெருமாள்மலை தாண்டியதும் வேறு மாதிரி தோன்றியது. நான் காப்பாற்றியது கடவுளின் பெயரையா, அல்லது என் பெயரையா என்று. பதில் தெரியவில்லை. தெரியாமலே தினமும் பூசை வைக்கிறேன்.

ஒன்று செய். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடு. இங்கே குளிர் இல்லை. கன்னியர் மடத்தில் ஒரு அறை கேட்டு வைத்திருக்கிறேன். எடை கூடியதும் மதுரை பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப்போகிறேன். யாருடைய வரியும் தேவையில்லை. மழை பிடிக்கும் முன் வா.

மரியசூசை

*

வட்டக்கானல்
3 நவம்பர் 1980

அண்ணே,

கல்லறைத் திருநாளுக்குக்கூட யாரும் வெளியே போக முடியவில்லை. விடாமல் பெய்கிறது. இங்கிருந்து கொடைக்கானல் பஜாருக்கு ஏறும் பாதையே ஓடையாகக் கிடக்கிறது. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்க நல்லசாமி என்கிற பால்காரர்தான் மனசு வைத்திருக்கிறார்.

நீங்கள் கூப்பிட்டபோதே வந்திருக்கலாம். வரவில்லை. நான் ஒரு தடவை படியிறங்கிவிட்டால் இந்தக் கதவு அதோடு மூடிவிடும். பிள்ளைக்குத் தைத்துச் சரியாக்கிக் கூட்டிவந்தாலும் கிரகணப் பிள்ளை என்றுதான் சொல்வார்கள். அவன் இந்த வீட்டுப் பிள்ளையாக வளர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இது என் பிடிவாதம். உங்களுக்கு மட்டும்தான் பிடிவாதம் வரும் என்று நினைக்காதீர்கள், ஒரே வயிற்றுப் பிள்ளைகள்தானே நாம்.

அருள்மணிக்குச் சளி பிடித்துவிட்டது. எடை கூடிக்கொண்டு வந்தவன் இப்போது இறங்குகிறான். விறகெல்லாம் ஈரம். கணப்பு மூட்டினால் கொட்டகை முழுக்கப் புகை, அணைத்தால் குளிர். எதில் அவனைக் கிடத்துவது?

நேற்று நான் ஒரு காரியம் செய்தேன். அத்தை விறகெடுக்க வந்தபோது, "எங்க அண்ணன் மனசு மாறிட்டாரு. சர்வேசுரன் சித்தம்தான்னு ஒத்துக்கிட்டாரு" என்று சொல்லிவிட்டேன். அத்தை முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? முதல் தடவையாகக் குனிந்து அவன் நெற்றியைத் தொட்டார். "சாமி கையால எழுதி வரட்டும் தாயி. வந்ததும் வெரசா உள்ள கொண்டாந்துருவோம். நானே தூக்கியாறேன்" என்றார்.

அண்ணே, என்னைப் பொய்க்காரி ஆக்காதீர்கள். உங்கள் கடவுள் கூட நிற்கிறவர் என்றீர்களே. கொட்டகையில் நிற்க இடமில்லை என்று அவருக்கு யாராவது சொல்லுங்கள்.

ராணி

*

பாலசமுத்திரம்
8 நவம்பர் 1980

ராணி,

உன் கடிதம் இப்போதுதான் கிடைத்தது. பழனி ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. வத்தலக்குண்டு வழியும் இல்லை என்கிறார்கள். ரோடு திறந்ததும் முதல் பஸ்ஸில் வருகிறேன், மாப்பிள்ளை என்ன சொன்னாலும் சரி. அதற்கு முன்னால் இந்தத் தாள் எப்படியாவது வந்து சேரட்டும். கீழே இருப்பதை அத்தையிடம் வாசித்துக் காட்டு. கையெழுத்தும் கோவில் முத்திரையும் போட்டிருக்கிறேன்.

'உபகாரம் அம்மாவுக்கு, மரியசூசை சுவாமி எழுதுவது. தங்கள் பேரன் அருள்மணி சர்வேசுரனின் சித்தத்தால் இந்தக் கோலத்தில் தங்கள் குடும்பத்துக்குக் கொடுக்கப்பட்டவன். இதில் யாருடைய குற்றமும் இல்லை. அவனை ஏற்றுக்கொள்வது சர்வேசுரனை ஏற்றுக்கொள்வது.'

எழுதிவிட்டேன். கடைசி இரண்டு வாக்கியத்தை நம்பி எழுதினேன். முதல் வாக்கியத்தை எழுதும்போது அப்பாவின் அடக்கத்தில் நின்ற அந்தச் சாமியார் மாதிரி இருந்தது என் கை. பரவாயில்லை. பிள்ளையை உள்ளே கொண்டுபோ. உடனே கொண்டுபோ.

அண்ணன்

*

வட்டக்கானல்
20 நவம்பர் 1980

அண்ணே,

மழை விட்டு, தேங்கிக் கிடந்த தபால் எல்லாம் சேர்ந்து வந்தபோது உங்கள் கடிதமும் வந்தது. அதற்குள் அருள்மணியைப் புதைத்தாகிவிட்டது. உங்களுக்குத் தந்தி கொடுக்கப் பார்த்தார்கள். கம்பி அறுந்து கிடந்தது.

அவன் போன அன்று காலையில் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். மூச்சு இழுத்துக்கொண்டே குடித்தான். இருமல் வந்தது, பால் உள்ளே போய்விட்டது. நீலம் பாரித்தான். பொன்னுத்தாய் ஓடிவந்து பிடுங்கிக் குப்புறப் பிடித்து முதுகில் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். நான்தான் போதும் என்றேன்.

புதுச் சாமி சேற்றில் முழங்கால்வரை நனைந்துகொண்டு கல்லறைக்கு வந்தார். "ஆண்டவர் தம்ம தோட்டத்துக்கு ஒரு பூ வேணும்னு பறிச்சுக்கிட்டாரு" என்று கண் கலங்கிச் சொன்னார். நல்ல மனுஷர். அதைக் கேட்டதும் அத்தை குழி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "அவரு எடுத்துக்கிட்டாருன்னா அவரு குடுத்த பிள்ளைதான அது? ஐயோ, அவரு குடுத்ததையா நான் கொட்டகையில போட்டேன்" என்று மார்பில் அடித்துக்கொண்டு என் காலைக் கட்டிக்கொண்டார். ஊரே அழுதது. ஞானத்தாயாக வரமாட்டேன் என்று சொன்னவர்கள்தான் அதிகம் அழுதார்கள்.

அன்றைக்கே என்னை வீட்டுக்குள் கூட்டிப்போனார்கள். அடுப்புக்குப் பக்கத்தில் பாய், வெந்நீர், மிளகுக் கஞ்சி. இவர் என் தலையைத் தடவிக்கொண்டே, "சர்வேசுரன் சித்தம் ராணி, நம்ம கையில என்ன இருக்கு" என்றார். டிசம்பர் மாதத்தைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை. எல்லாரும் அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, சாப்பிட்டார்கள். அவர்களுக்கு ஆறிவிடும். அவர்களுடைய கடவுள் அவர்களைக் கைவிடவில்லை.

எனக்குத்தான் ஆறவில்லை. நீங்கள் சொன்ன கடவுளை நம்புகிறவள் இந்த ஊரில் நான் ஒருத்தி. எப்போது நம்ப ஆரம்பித்தேன் என்று தெரியவில்லை. உங்களோடு சண்டை போடுவதற்காக உங்கள் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தேனே, அப்போதாக இருக்கும். கல்லறையில் எல்லாரும் தலையாட்டியபோது எனக்குத் தலை ஆடவில்லை. அவர் பறிக்கவில்லை. சளி பறித்தது, ஈர விறகு பறித்தது. அத்தையின் பக்தி பறித்தது, உங்கள் உண்மை பறித்தது, என் பிடிவாதம் பறித்தது. உங்கள் முத்திரை போட்ட தாளை நான் யாரிடமும் காட்டவில்லை. எதற்குக் காட்டுவது? அதில் எழுதியிருப்பது பொய் என்று எனக்குத் தெரியும்.

நேற்று கோவிலுக்குப் போனேன். சுரூபத்துக்கு எதிரே நின்று வாய் வலிக்கும்வரை வைதுவிட்டு வரலாம் என்றுதான் போனேன். முடியவில்லை. கடவுள் ஒன்றும் செய்யவில்லையே, அவரை வைது என்ன ஆகப்போகிறது என்று தோன்றிவிட்டது. அவரைப் பழியிலிருந்து நன்றாகத்தான் விடுவித்துவிட்டீர்கள். ஆனால் பழி எங்கேயும் போகவில்லை அண்ணே. நெஞ்சில் பால் கட்டிக்கொண்ட மாதிரி இங்கேயே இருக்கிறது. அத்தையை வைய முடியாது, காலில் விழுந்துவிட்டார். இவரை வைய முடியாது, தாய் சொன்னதைச் செய்தவர். என்னை நான் எவ்வளவுதான் வைவது?

பழனி ரோட்டைத் திறந்துவிட்டார்கள். முதல் பஸ்ஸில் வருகிறேன் என்று எழுதியிருந்தீர்கள், இன்னும் வரவில்லை. வாசலுக்கு வரக்கூடாது என்று இனி யாரும் சொல்ல மாட்டார்கள். ஆறுதல் சொல்ல வர வேண்டாம், அதைச் சொல்ல இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். வந்து எதிரே உட்காருங்கள், போதும். வைவதற்கு எனக்கு ஒரு ஆள் வேண்டும்.

ராணி